இரும்பின் அயர்ச்சியை எண்ணிக் கண்ட அறிஞர் வோலர்

நம் இல்லங்களில் ஸ்பிரிங் இல்லாத இடம் அரிது. சுவர்க் கடிகாரத்தின் உள்ளே சுருண்டு கிடப்பது அது. சைக்கிள் ஆசனத்தின் கீழ் நம் பாரத்தைத் தாங்குவது அது. டார்ச் விளக்கின் அடியில் பாட்டரிகளை அழுத்திப் பிடிப்பதும், பேனாவின் முனையை உள்ளிழுப்பதும் அதுவே. ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறைக்காகத் தெற்கே புறப்படும் நம் காலனிக் குடும்பங்கள் யாவும் வழியில் இரண்டு இரவுகள் ஸ்பிரிங்குகளின் மேலேயே உறங்குகின்றன. நம்மையும், நம் மக்களையும், பெட்டி படுக்கைகளையும் சுமந்துகொண்டு அவை வழி நெடுகிலும் அமுங்குவதும் நிமிர்வதுமாக இருக்கின்றன. நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார்.

அழுத்தியபடியே வைத்த ஸ்பிரிங் நாட்பட நாட்பட வலிமை இழந்துவிடுமா? அமுக்கியும் விட்டும் ஓயாது பயன்படுத்தினால் ஒரு நாள் முறிந்துவிடுமா? சிறுவர் கேட்கும் வினாவாக இது தோன்றலாம். ஆயினும் இதற்கும், இதனோடு ஒட்டிய வினாக்களுக்கும் விடை தெரியாமையால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் உயிர்கள் பல மாண்டன. விடையைச் சோதனையால் நிறுவியவர் இரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரே என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. அவர் பெயர் ஆகஸ்ட் வோலர். பொறியியல் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் அவர் பெயரால் வழங்கும் வளைகோட்டை இன்றும் வரைந்து பழகுகின்றனர். யூரியாவைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய இரசாயன அறிஞர் பிரெடரிக் வோலர் வேறொருவர். நாம் ஈண்டுக் கூறப்புகுவது சக்கரங்களோடும் இருசுகளோடும் வாழ்ந்த வோலரின் வரலாறு.

ஜெர்மனியின் வட பகுதியில், அந்நாளில் ஹானோவர் அரசுக்கு உட்பட்டிருந்த ஸோல்டாவ் என்னும் சிற்றூரில், 1819-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22-ஆம் நாள் வோலர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். பெருஞ்செல்வம் இல்லாத குடும்பம். ஆனால் கணக்கில் கூர்மை பிள்ளைக்கு வாய்த்திருந்தது. ஹானோவர் நகரின் தொழிற்கல்விக் கூடத்தில் கார்ல் கார்மார்ஷ் என்னும் பேராசிரியரிடம் பயின்று, சிறந்த மாணவர் எனப் பெயர் பெற்றார். உதவித் தொகை கிடைத்தது. அதனைக் கொண்டு பெர்லினில் புகழ் பெற்ற போர்ஸிக் எஞ்ஜின் தொழிற்சாலையில் கைத்தொழில் பழகினார். பின்னர்ப் புதிய இரயில் பாதைகளை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1843-ஆம் ஆண்டில் பெல்ஜியம் சென்று எஞ்ஜின் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஜெர்மனியில் முதல் நீராவி இரயில் ஓடியது 1835-இல். அப்போது வோலருக்கு வயது பதினாறு. ஆகவே இரயிலும் அவரும் ஒன்றாகவே வளர்ந்தனர் எனலாம். பிற்காலத்தில் அவர் உயர்ந்த பதவிகளை வகித்தார். எனினும், காலடியில் எஞ்ஜின் அதிர்வதை உணர்ந்தவர் அவர் என்பதை நாம் மறத்தலாகாது. மேசையிலிருந்தே இரயிலை அறிந்தவர்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அது.

அவர் இளைஞராக இருந்த காலத்தில் ஐரோப்பாவை நடுங்க வைத்த விபத்து ஒன்று நிகழ்ந்தது. 1842-ஆம் ஆண்டு மே திங்கள் 8-ஆம் நாள், பிரெஞ்சு மன்னரின் விழாவை ஒட்டி வெர்ஸேல் அரண்மனைத் தோட்டத்தைக் கண்டு களித்த மக்கள், மாலையில் பாரிஸ் நகருக்கு இரயிலில் திரும்பிக்கொண்டிருந்தனர். கூட்டம் மிகுதியாகையால் இரண்டு எஞ்ஜின்கள் பூட்டப்பெற்றிருந்தன. மூதோன் என்னும் இடத்தருகே, முன்னே சென்ற எஞ்ஜினின் இருசு திடீரென முறிந்தது. பின்னால் வந்த எஞ்ஜின் அதன் மேல் ஏற, பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து தீப்பற்றின. பிரயாணிகள் வழியில் இறங்காதிருக்கும் பொருட்டுக் கதவுகளைப் பூட்டிவிடுவது அக்கால வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேற இயலாது மாண்டனர். தென் துருவக் கடலில் பனிப்பாறைகளுக்கிடையே கப்பல் செலுத்தி உயிருடன் மீண்ட மாலுமி துய்மோன் துர்வில், தம் மனைவியுடனும் மகனுடனும் அந்தப் பெட்டியொன்றில் எரிந்து போனார்.

இருசு ஏன் முறிந்தது? இங்கேதான் அறிஞர்கள் திகைத்தனர். அது மெல்லிய இரும்பு அன்று. அதன் மேல் அளவுக்கு மீறிய பாரமும் ஏற்றப்படவில்லை. அதே பாரத்தோடு பல மாதம் ஓடிய இருசு ஒரு மாலையில் முறிவானேன்? முறிந்த வாயைப் பார்த்தால் கற்கண்டு உடைந்தது போலப் பளபளக்கும் மணிகள் தோன்றின. ஆதலால், நார் நாராக இருந்த இரும்பு அதிர்ச்சியினால் மெல்ல மெல்லப் படிகமாக மாறிவிடுகிறது என்னும் கொள்கை பரவியது. கேட்பதற்கு நயமான கொள்கைதான். ஆனால் உண்மை அதுவன்று. இரும்பு பிறக்கும்போதே படிகங்களால் ஆனது. நுண்ணோக்காடி கொண்டு பார்த்த பின்னரே அது ஐயமின்றித் தெளிவாயிற்று.

1847-ஆம் ஆண்டில், பெர்லினையும் பிரெஸ்லாவையும் இணைத்த கீழ்ச் சைலீஷிய இரயில்வேயில் தலைமை இயந்திர அதிகாரியாக வோலர் அமர்ந்தார். பிரெஸ்லாவ் இன்று போலந்து நாட்டில் விராட்ஸ்லாவ் என வழங்கும் நகரம். ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் அவருடைய தொழிற்சாலை இருந்தது. வண்டிகளும் எஞ்ஜின்களும் அவர் பொறுப்பு. எனவே முறிந்த இருசுகளும் அவர் பொறுப்பே. பிரஷ்ய அரசாங்கமும் இருசு முறிவின் காரணத்தை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது.

பிறர் முறிந்த இரும்பைப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்க, அவர் முறியாத இரும்பிடம் சென்றார். ஓடும் வண்டியில் இருசு எவ்வளவு வளைகிறது என்று முதலில் அறிய வேண்டும் அல்லவா? அதற்குத் தாமே ஒரு கருவி செய்தார். இருசு வளையும்போது ஓர் ஊசி துத்தநாகத் தகட்டின் மேல் கீறலிடும். கீறலின் நீளம் வளைவின் அளவைக் காட்டும். இக்கருவியைப் பூட்டிய வண்டிகளைப் பெர்லினுக்கும் பிரெஸ்லாவுக்கும் இடையே ஏறத்தாழ 22,000 கிலோமீட்டர் ஓட்டிக் கணக்கெடுத்தார். மின்சாரக் கருவி ஒன்றும் இல்லாத காலத்தில், ஒரு தகடும் ஓர் ஊசியும் கொண்டு அவர் இதனைச் செய்தார்.

வண்டியின் பாரத்தால் இருசு சற்றே வளைகிறது. அதனால் அதன் ஒரு புறம் இழுபடும், மறுபுறம் அமுங்கும். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியதும் இழுபட்ட புறம் அமுங்கும்; அமுங்கிய புறம் இழுபடும். பாரம் மாறாது நின்றாலும், சுழல்கின்ற இரும்பின் ஒவ்வோர் இழையும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை இழுபட்டும் அமுங்கியும் வருகிறது. ஸ்பிரிங்கின் கதையும் இதுவே. அங்கே சுழற்சி இல்லை, தாவல் உண்டு, அவ்வளவே வேறுபாடு. ஆகவே இருசுக்கு வோலர் கண்ட விடை ஸ்பிரிங்குக்கும் விடையாயிற்று.

தொழிற்சாலையில் அவர் ஓர் இயந்திரம் அமைத்தார். இருசு போன்ற கம்பியின் நுனியில் ஸ்பிரிங் கொண்டு அழுத்தம் கொடுத்து, முறியும் வரையில் அதைச் சுழல விடுவது. எத்தனையாவது சுற்றில் முறிந்தது என்று குறிப்பது. இவ்வளவே. பிறகு அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, வேறொரு கம்பியை மாட்டி, மீண்டும் எண்ணுவது. இத்தகைய வேலைக்கு மேதைமையை விடப் பொறுமையே பெரிதும் வேண்டும் என்பது என் எண்ணம். ஃபீனிக்ஸ் ஆலையின் இரும்பில் அவர் கண்ட கணக்கை வாசகர்கள் பொறுமையுடன் காண வேண்டுகிறேன். ஸென்ட்னர் என்பது 50 கிலோ நிறை. அந்நாட்டுச் சதுர அங்குலத்துக்கு 320 ஸென்ட்னர் அழுத்தத்தில் கம்பி 56,430 சுற்றுகளில் முறிந்தது. 300-இல் 99,000 சுற்றுகள். 260-இல் 4,79,490. 220-இல் 36,32,588. 180-இல் 1,91,86,791 சுற்றுகள் சுழன்று பின் முறிந்தது. 160 ஸென்ட்னரில் 13,22,50,000 சுற்றுகள் சுழன்றும் முறியவே இல்லை. நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டாலும் இந்தக் கடைசிக் கணக்குக்கு நாலாண்டுக்கு மேல் இரவும் பகலும் வேண்டும்!

அழுத்தம் பாதியாயிற்று, ஆயுளோ இரண்டாயிரம் மடங்கிற்கும் மேலாக நீண்டது. அன்றியும், ஓர் எல்லைக்குக் கீழே சென்றால் எத்தனை முறை வளைத்தாலும் எஃகும் இரும்பும் ஈடு கொடுக்கின்றன. அந்த எல்லைக்கு மேலே, ஒரே வீச்சில் உடைக்கப் போதாத பாரமும், பல முறை திரும்பத் திரும்ப வந்தால் உடைத்துவிடுகிறது. இரும்பை உடைப்பது பாரத்தின் பெருமை மட்டும் அன்று. பாரம் ஏறி இறங்கும் வீச்சும், அது நிகழும் எண்ணிக்கையும் ஆகும். இதுவே வோலர் உலகுக்கு அளித்த செய்தி.

நம் பிரயாணத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நம் நாட்டுப் பிரயாணி வண்டியின் புதிய சக்கரம் 915 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. 2,000 கிலோமீட்டர் சென்றால் அது ஏறத்தாழ ஏழு இலட்சம் முறை சுழலும். மேற்கண்ட கணக்கில் 260 ஸென்ட்னர் அழுத்தம் தாங்கிய கம்பி அந்த ஒரே பிரயாணத்தில் மூன்றில் இரண்டு பங்கு வழியைச் சற்றே கடந்ததும் முறிந்திருக்கும். 160 தாங்கியதோ அத்தகைய பிரயாணங்கள் நூற்றெண்பதுக்கும் மேல் சென்று வந்திருக்கும். குழந்தைகளை மேல் படுக்கையில் கிடத்திவிட்டு நாம் கவலையின்றிக் கண்ணயர்வதற்கு ஆதாரம் இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரமே.

இனி ஸ்பிரிங்கைப் பற்றி. வோலர் இருசு இரும்போடு நின்றாரல்லர். க்ருப் ஆலையில் வார்த்த ஸ்பிரிங் எஃகையும் சோதித்தார். இங்கே அவர் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் கண்டார். பாரமே இல்லாத நிலையிலிருந்து 500 ஸென்ட்னர் வரை ஏற்றியும் இறக்கியும் வந்தால் அந்த எஃகு ஈடு கொடுத்தது. முன்கூட்டியே 250 ஸென்ட்னர் அழுத்தம் நிலையாக இருந்தால் 700 வரையில் ஏறலாம். நிலை அழுத்தம் 400 ஆனால் 800 வரை. 600 ஆனால் 900 வரை. உச்சம் உயர்கிறது, ஆனால் இடையே உள்ள வீச்சு 500, 450, 400, 300 என்று குறுகிக்கொண்டே போவதைக் காண்க. அதாவது, நிரந்தரமாக அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் தான் தாங்கும் நிலைப் பாரத்தால் மட்டும் ஓய்ந்து போவதில்லை. ஆனால் ஏற்கெனவே அமுங்கி நிற்பது, மேலும் குலுங்குவதற்கான இடத்தைக் குறைத்துவிடுகிறது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய வண்டியில் ஸ்பிரிங் விரைவில் முறிவதற்கு இதுவே காரணம்.

அப்படியாயின், அசையாமல் அமுங்கியே கிடக்கும் ஸ்பிரிங்குக்கு ஒரு கேடும் இல்லையா? பாரத்துக்கேற்ப ஸ்பிரிங் நீளும் என்னும் விதியை ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். அவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் அமுக்கினால், விட்டதும் பழைய உயரத்துக்கு மீளும். ஆண்டுக்கணக்கில் அமுக்கி வைத்திருந்தாலும் பெரிய மாறுதல் இராது. எல்லைக்கு மிக அருகில் அமுக்கி வைத்தாலோ, வெப்பமான இடத்தில் வைத்தாலோ, எஃகின் உள்ளே படிகப் படலங்கள் அணுவணுவாக நழுவி, ஸ்பிரிங் சற்றே குட்டையாகிவிடும். ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது என்று பட்டறைத் தொழிலாளர் கூறுவது இதனையே. உடைந்து போவது வேறு. உட்கார்ந்து போவது வேறு. முன்னதற்கு எண்ணிக்கை காரணம். பின்னதற்கு அழுத்தமும் வெப்பமும் காலமும் காரணம். நல்ல தொழிற்சாலைகளில் புதிய ஸ்பிரிங்கை வெளியே அனுப்புமுன் சில முறை முழுவதுமாக அமுக்கி எடுத்துவிடுவார்கள். உட்கார வேண்டிய அளவு அங்கேயே உட்கார்ந்துவிடும். வீட்டு டார்ச் விளக்கில் ஸ்பிரிங் கெடுவது பெரும்பாலும் பாட்டரி கசிந்து ஏறும் துருவினால். அதற்கு வோலரைக் குறை கூறுவதில் பயனில்லை.

முறிவு எங்கே தொடங்குகிறது என்பதிலும் அவர் கருத்துச் செலுத்தினார். இருசின் பருமன் திடீரென மாறும் கூரிய மூலைகளில் முறிவு எளிதில் நேர்கிறது. அம்மூலைகளை வளைவாக உருட்டிவிட்டால் ஆயுள் நீள்கிறது. தொழிலாளி அரம் கொண்டு செய்யும் சிறு வேலை எத்தனை உயிர்களைக் காக்கிறது பாருங்கள்! 1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் யூயிங், ஹம்ஃப்ரி என்னும் இருவர் நுண்ணோக்காடியின் கீழ் இரும்பைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தனர். படிகத்தின் மேற்பரப்பில் மெல்லிய நழுவற் கோடுகள் தோன்றி, மிகுந்து, முடிவில் வெடிப்பாக மாறுவதை அவர்கள் கண்டனர். ஸ்பிரிங்கின் மேல் ஒரு கீறலோ துருப் பள்ளமோ இருப்பின் வெடிப்பு அங்கே முந்திக்கொள்ளும். வெடிப்பு உள்ளே ஊர்ந்து ஊர்ந்து, எஞ்சிய இரும்பு பாரத்தைத் தாங்காத நாளில் ஒரே நொடியில் முறிகிறது. பார்ப்பவர்க்கு அது திடீர் விபத்து. இரும்புக்கு அது நெடுநாள் நோய்.

இவ்வாராய்ச்சிகளை வோலர் 1858 முதல் 1870 வரையில் பெர்லினில் வெளியான கட்டடக் கலை இதழ் ஒன்றில் தொடர்ந்து வெளியிட்டார். 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய சோதனை முடிவுகள் இடம் பெற்றன. ஒரு விந்தை என்னவெனில், வோலர் வளைகோடு எனப்படும் கோட்டை வோலர் வரையவே இல்லை. அவர் தந்தவை அட்டவணைகள் மட்டுமே. கோடாக வரைந்தவர்கள் பின்வந்தோர். நாளெல்லாம் பேரேடுகளில் எண்களை நிரப்பும் என் போன்ற குமாஸ்தாக்களுக்கு இச்செய்தி இனிக்கும் என்பதில் ஐயமில்லை.

1869-ஆம் ஆண்டையொட்டி அவர் அப்பதவியை விட்டுப் பெர்லினில் இரயில் சாதனங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் நிர்வாகியானார். 1874-இல் மீண்டும் இரயில்வேக்கே வந்து, ஸ்ட்ராஸ்பர்க்கில் அல்ஸேஸ் லொரேன் இரயில்வேயின் நிர்வாகத்தில் அமர்ந்து, 1889 வரை பணியாற்றினார். இரும்பையும் எஃகையும் தரம் பிரித்து, வாங்குமுன் சோதிக்க வேண்டும் என்றும், அதற்குப் பொதுச் சோதனைச் சாலைகள் வேண்டும் என்றும் அவர் வாதாடினார். இரும்பு ஆலையினர் இதனை விரும்பவில்லை. அவரோ விடவில்லை. இந்த வாதாட்டமும் இருசு ஆராய்ச்சிக்கு இணையான தொண்டு என்றே நான் கருதுகிறேன். நல்ல சட்டம் இல்லாத இடத்தில் நல்ல அட்டவணை ஏட்டிலேயே கிடக்கும். ஓய்வு பெற்றபின் ஹானோவரில் வாழ்ந்து, 1914-ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 21-ஆம் நாள், தொண்ணூற்றைந்தை எட்டச் சில திங்களே இருக்கையில் காலமானார்.

அவர் மறைந்த பின்னும் பாடம் முடிந்துவிடவில்லை. எத்தனை கோடி முறை வளைந்தாலும் அழியாத எல்லை என்று அவர் கண்டதற்கும் விலக்கு உண்டு என்று பின்னாள் ஆராய்ச்சி காட்டியது. மிக வலிய எஃகுகளில், கண்ணுக்குப் புலனாகாத மாசுத் துகளைச் சுற்றி உள்ளேயே வெடிப்பு தோன்றி, பத்துக் கோடி முறைகளுக்குப் பின்னரும் முறிவு நேர்வதுண்டு. 1998-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3-ஆம் நாள் ஹானோவரைத் தாண்டி ஹாம்பர்க் நோக்கி விரைந்த ஜெர்மன் அதிவேக இரயிலின் சக்கரமொன்றில், வெளி வளையம் இத்தகைய அயர்ச்சியால் பிளந்தது. எஷெடே என்னும் சிற்றூரில் வண்டி தடம் புரண்டு, பாலத்தில் மோதி, 101 பேர் மாண்டனர். வோலர் பிறந்த ஊருக்கும் மறைந்த ஊருக்கும் அவ்விடம் வெகு தொலைவில் இல்லை. வெடிப்பு வளையத்தின் உட்புறத்தில் தொடங்கியதால் வெளியிலிருந்து கண்ணுக்குப் புலப்படவில்லை. அதன்பின் அவ்வகைச் சக்கரங்கள் நீக்கப்பட்டு, ஒரே துண்டாலான சக்கரங்கள் பூட்டப்பட்டன.

நம் நாட்டுத் தொழிற்சாலைகளில், குறித்த காலத்தில் பழுது பார்க்க வரும் பெட்டிகளின் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, துருவும் வர்ணமும் நீக்கி, காந்தமூட்டி இரும்புப் பொடி தூவிப் பார்க்கின்றனர். வெடிப்பு இருந்தால் பொடி அங்கே கோடாகத் திரளும். பிறகு உரிய பாரத்தை ஏற்றி உயரத்தை அளந்து, ஒத்த உயரமுள்ளவற்றை ஒன்று சேர்த்துப் பூட்டுகின்றனர். இருசுகளின் உட்புறத்தைக் காதுக்குக் கேளாத ஒலி அலைகளைச் செலுத்தி ஆராய்கின்றனர். புதிய ஸ்பிரிங்குகளின் மேல் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாகப் பொழிந்து மேற்பரப்பை இறுக்குவதும் உண்டு. வெடிப்பு தொடங்குவதற்கு அது தடை. வெடிப்புக் கண்ட ஸ்பிரிங்கை எவரும் பற்றவைத்துச் சரி செய்ய முயல்வதில்லை. அது நேரே கழிவிரும்புக் குவியலுக்குச் செல்கிறது.